சாம்பலில் மிஞ்சும் உலோகம் யாருடையது?

ஒரு மனித உடல் எரிந்து சாம்பலாக 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். டைட்டானியம் உருக 1,668 டிகிரி வேண்டும். இடுப்பிலும் முழங்காலிலும் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியக் கலவை 1,300 டிகிரியைத் தாண்டினால்தான் இளகவே தொடங்கும். ஆகவே தகன மேடையின் கதவைத் திறக்கும்போது, வெளுத்துப்போன எலும்புத் துண்டுகளுக்கு நடுவே ஒரு முழங்கால் மூட்டோ, தொடை எலும்பில் இறக்கிய ராடோ, நாலைந்து ஸ்க்ரூவோ வடிவம் குலையாமல் கிடக்கின்றன. மூட்டுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் தகடும், அதை ஒட்டவைத்த எலும்புச் சிமென்ட்டும் எரிந்துபோயிருக்கும். உலோகம் மட்டும் நிறம் மங்கி, ஒரு பக்கம் கறுத்து, சூடு ஆறாமல் இருக்கும்.

இறந்தவரின் பிள்ளைகள் அஸ்தி வாங்க வருவார்கள். இந்தத் துண்டை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று மிஞ்சும் என்பதே தெரியாது. அது எங்கே போகிறது? உலகின் பல நாடுகள் கடந்த 30 ஆண்டுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்கின்றன. சில நாடுகள் சட்டம் எழுதின. சில நாடுகளில் வழக்கு நடந்தது. சில நாடுகளில் அந்த உலோகத்தை விற்று வரும் பணம் தொண்டுக் காரியங்களுக்குப் போகிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை மாவட்டத் தலைநகர் வரை வந்துவிட்ட நம் நாட்டிலும், இந்தக் கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது.

நெதர்லாந்து காட்டிய வழி

எலும்பு முறிவு மருத்துவரான யான் காப்ரியேல்ஸ், தான் வருடக்கணக்கில் நோயாளிகளுக்குப் பொருத்திய உலோகங்கள் அவர்கள் இறந்த பிறகு என்ன ஆகின்றன என்று யோசித்தார். மறுசுழற்சித் தொழிலில் இருந்த ரூட் வெர்பெர்னேவுடன் சேர்ந்து 1997இல் நெதர்லாந்தில் ‘ஆர்த்தோமெட்டல்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தகனக் கூடங்களுக்கு இந்த நிறுவனம் இலவசமாகத் தொட்டிகளைக் கொடுக்கிறது. தொட்டி நிரம்பியதும் எடுத்துச் சென்று, உலோகம் உலோகமாகப் பிரித்து, உருக்காலைகளுக்கு விற்கிறது. பல நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகனக் கூடங்கள் இதில் சேர்ந்தன. ஆண்டுக்கு 250 டன்னுக்கு மேல் உலோகம் சேர்கிறது. செலவு போக மிஞ்சும் தொகையில் பெரும்பகுதி தகனக் கூடங்களுக்கே திரும்பி, அங்கிருந்து அறக்காரியங்களுக்குப் போகிறது.

பிரித்தெடுக்கும் வேலை கேட்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம். சவப்பெட்டியின் ஆணிகளைக் காந்தத்தைக் காட்டினால் எடுத்துவிடலாம். ஆனால், உடலுக்குள் வைக்கும் டைட்டானியமோ, கோபால்ட்-குரோமியமோ, அறுவை சிகிச்சைக்கென்றே தயாராகும் துருப்பிடிக்காத எஃகோ காந்தத்தில் ஒட்டாது. பணியாளர் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியாக வேண்டும். மேலை நாடுகளில் எலும்பை இயந்திரத்தில் அரைத்துப் பொடியாக்கித்தான் உறவினர்களிடம் தருகிறார்கள். ஒரு ஸ்க்ரூ தப்பி உள்ளே போனாலும் அரைக்கும் இயந்திரம் பழுதாகிவிடும். ஆக, உலோகத்தைப் பிரித்தெடுப்பது அங்கே எப்படியும் செய்தே ஆகவேண்டிய வேலை. பிரித்ததை என்ன செய்வது என்பதில்தான் மாற்றம் வந்தது. முன்பெல்லாம் தகனக் கூடத்தின் வளாகத்திலேயே குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். இப்போது தொட்டிக்குப் போகிறது.

ஒரு பாட்டியின் மூட்டு இன்னொரு பாட்டிக்குப் போகிறதோ என்ற சந்தேகம் பலருக்கும் வரும். அப்படி இல்லை. ஒருமுறை நெருப்பில் கிடந்த மூட்டை யாரும் இன்னொரு உடலில் வைக்க மாட்டார்கள். அது உருகி, உலோகப் பாளமாகி, கார் உதிரிபாகமாகவோ விமான என்ஜினின் பகுதியாகவோ காற்றாலை உறுப்பாகவோ மாறுகிறது. இந்த உலோகங்கள் எளிதில் கிடைப்பவையும் அல்ல. உலகின் கோபால்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்கள் வெறுங்கையால் மண்ணைத் தோண்டுவதைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாக எழுதி வருகின்றன. இருக்கிற கோபால்ட்டைப் புதைத்துவிட்டுப் புதிதாகத் தோண்டச் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

பிரிட்டன் இதை இன்னும் ஒழுங்காகச் செய்கிறது. அங்கே கல்லறை, தகனக் கூட மேலாண்மை நிறுவனம் 2004இல் தொடங்கிய திட்டத்தில், தகனத்துக்கு விண்ணப்பிக்கும்போதே குடும்பத்தினரிடம் கேட்கிறார்கள்: உலோகம் மிஞ்சினால் உங்களிடம் தந்துவிடவா, மறுசுழற்சிக்கு அனுப்பவா? அனுப்பலாம் என்று கையெழுத்திட்டால், கிடைக்கும் பணம் அந்தந்தத் தகனக் கூடம் பரிந்துரைக்கும் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. குழந்தையை இழந்த பெற்றோருக்கு ஆலோசனை தருபவர்கள், மரணத் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் இல்லங்கள் போன்றவர்கள்தான் பெரும்பாலும் பயன்பெறுகிறார்கள். இதுவரை பல லட்சம் பவுண்டு இப்படிச் சேர்ந்திருக்கிறது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. ஒரு விண்ணப்பத்தில் ஒரு கேள்வியும் ஒரு கையெழுத்தும்தான்.

சொந்தக்காரர் யார்?

எல்லா நாடுகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் தகனக் கூடப் பணியாளர்கள் சிலர், சாம்பலிலிருந்து பல்லில் இருந்த தங்கத்தைப் பொறுக்கி விற்று வந்தார்கள். வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. எரிந்தபின் மிஞ்சும் தங்கப் பல்லும் சட்டத்தின் பார்வையில் அஸ்தியின் பகுதியே. அதை எடுப்பது இறந்தவரின் அமைதியைக் குலைக்கும் குற்றம் என்று 2015இல் அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடலோடு ஒன்றாகிவிட்ட பொருள் உடலே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஜப்பான் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. கிட்டத்தட்ட எல்லோரும் தகனம் செய்யப்படும் நாடு அது. குடும்பத்தினர் சுற்றி நின்று, எலும்புகளைக் குச்சிகளால் எடுத்துக் கலயத்தில் வைக்கிறார்கள். அவர்கள் எடுத்தது போக மிஞ்சியது உள்ளாட்சிக்குச் சொந்தம் என்பது போருக்கு முந்தைய காலத்திலேயே அங்கே நீதிமன்றம் வகுத்த விதி. அதன் அடிப்படையில் யோகோஹாமா, நகோயா, கியோட்டோ போன்ற மாநகராட்சிகள் சாம்பலில் தேறும் தங்கம், வெள்ளி, பல்லேடியம் முதலியவற்றை விற்று வருவாயாகக் கணக்கில் காட்டுகின்றன. ‘எங்கள் அப்பாவின் சாம்பலை மாநகராட்சி விற்கிறதா?’ என்று வருந்துவோரும் அங்கே உண்டு. ஆனாலும், கணக்கு பொதுவெளியில் இருப்பதால் அந்த வருத்தத்தைக் கேள்வியாகக் கேட்க முடிகிறது.

ஸ்வீடன் சட்டமே திருத்தியது. 2016 மே மாதத்திலிருந்து தகனத்தில் மிஞ்சும் உலோகத்தை மறுசுழற்சி செய்யலாம். வரும் பணம் குழந்தைகள், முதியோர், மாற்றுத் திறனாளிகளுக்காகச் செலவிடும் அரசின் பொது வாரிசு நிதிக்குப் போக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வாரிசு இல்லாதவர்களின் சொத்தை வாங்கிக்கொள்ளும் நிதி அது. யாரும் உரிமை கோராத உலோகத்தையும் அதே நிதிக்குக் கொடுப்பது பொருத்தமாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒரே நடைமுறை கிடையாது. குடும்பத்தினர் கையெழுத்திடும் நீண்ட படிவத்தின் நடுவே, உலோகத்தை நிறுவனம் தன் விருப்பப்படி அகற்றும் என்று ஒரு வரி இருக்கும். துக்கத்தில் இருப்பவர் அதைப் படித்திருக்க மாட்டார். சில கூடங்கள் பணத்தை அறக்கட்டளைக்குத் தருகின்றன; சில தங்கள் வருமானத்தில் சேர்த்துக்கொள்கின்றன. கேட்காமல் எடுக்கும் பழக்கம் எதுவரை போகும் என்பதற்கு அந்த நாட்டிலேயே ஒரு கொடிய உதாரணம் உண்டு. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ‘பயோமெடிக்கல் டிஷ்யூ சர்வீசஸ்’ என்ற நிறுவனம், இறுதிச் சடங்கு இல்லங்களுக்குப் பணம் கொடுத்து, பிணங்களிலிருந்து எலும்பையும் திசுக்களையும் திருட்டுத்தனமாக அறுத்தெடுத்து விற்றது. எலும்பு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாயைச் செருகித் தைத்தது. 2004இல் இறந்த பிபிசி வானொலியின் புகழ்பெற்ற குரலான அலிஸ்டர் குக்கின் எலும்பும் அப்படிப் போனது. நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் மாஸ்ட்ரோமரினோவுக்கு 2008இல் குறைந்தது 18 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

எரிந்தபின் உலோகம் எடுப்பதும் எரியும்முன் எலும்பைத் திருடுவதும் ஒன்றல்ல. ஆனால், இரண்டுக்கும் நடுவே நிற்கும் வேலி ஒன்றுதான்: குடும்பத்தின் சம்மதம். வேலி இல்லாத இடத்தில் எது அறம், எது திருட்டு என்பதைச் சந்தைதான் தீர்மானிக்கும்.

நெஞ்சுக்குள் ஒரு பேட்டரி

மூட்டும் ராடும் எரிந்தபின் பிரச்சினை. பேஸ்மேக்கர் எரியும்போதே பிரச்சினை. அதற்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி, மூடிய உறைக்குள் சூடாகி, வாயு பெருகி வெடித்துவிடும். பிரிட்டனில் சோலிஹல் நகரத் தகனக் கூடத்தில் 1976இல் நடந்த வெடிப்புதான் இவ்வகையில் முதலில் பதிவானது. 2002இல் அந்நாட்டின் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, கேள்விக்குப் பதில் அளித்த தகனக் கூடங்களில் ஏறக்குறையப் பாதியில் இப்படி வெடித்த அனுபவம் இருப்பதைக் காட்டியது. செங்கல் சுவர் பெயர்வதும், கதவு சேதமாவதும், பக்கத்தில் நிற்கும் பணியாளர் காயமடைவதும் நேரக்கூடியவை. அதனால்தான் பிரிட்டனில் மருத்துவர் தரும் தகனச் சான்றில், உடலில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, அதை எடுத்தாகிவிட்டதா என்ற கேள்விகள் இடம்பெற்றன.

எடுப்பது பெரிய அறுவை சிகிச்சை இல்லை. காரை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடது பக்கம், தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் கை வைத்தாலே தட்டுப்படும். சிறிதாகக் கீறி, ஒயர்களைத் துண்டித்து, கருவியை எடுத்து, தையல் போட்டுவிடலாம். சில நிமிட வேலை. ஆனால், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் ஐசிடி என்ற கருவியாக இருந்தால் முதலில் அதை அணைத்தாக வேண்டும். அணைக்காமல் ஒயரை வெட்டினால் வெட்டுபவருக்கே ஷாக் அடிக்கும். தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது.

அப்படி எடுத்த கருவி குப்பைக்குப் போக வேண்டியதில்லை. இங்கேதான் மூட்டுக்கும் பேஸ்மேக்கருக்கும் பெரிய வேறுபாடு. மூட்டை உருக்கத்தான் முடியும். பேஸ்மேக்கரோ, பேட்டரியில் உயிர் இருந்தால், இன்னொரு நெஞ்சில் ஓடக்கூடியது. பொருத்திய ஓரிரு வருடத்திலேயே ஒருவர் வேறு காரணத்தால் இறந்துபோனால், அவருடைய கருவியில் இன்னும் பல ஆண்டுகளுக்கான ஓட்டம் மிச்சமிருக்கும்.

மும்பையில் மறுபடி ஓடியவை

இது வெறும் யோசனையாக நின்றுவிடவில்லை. நம் நாட்டிலேயே நடந்து முடிந்தது. அமெரிக்காவின் இறுதிச் சடங்கு இல்லங்களில், குடும்பத்தினர் சம்மதத்தோடு எடுக்கப்பட்ட 121 பேஸ்மேக்கர்கள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 53 கருவிகளில் போதிய பேட்டரி ஆயுள் இருந்தது. அவை கிருமி நீக்கப்பட்டு மும்பை ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு வந்தன. புதிதாக வாங்க வசதியில்லாத 53 ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. தொற்றோ கருவிக் கோளாறோ இல்லை என்று 2012இல் அமெரிக்க இதயவியல் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பவும் வேலைக்குப் போனார்கள். பெண்கள் வீட்டு வேலைகளை மறுபடி கையில் எடுத்தார்கள்.

இதே காலத்தில், பயன்படுத்தி எடுத்த 106 ஐசிடி கருவிகளை இந்தியாவில் 81 பேருக்குப் பொருத்திய இன்னொரு ஆய்வும் வெளிவந்தது. பிலடெல்பியாவின் பெஹ்சாத் பாவ்ரியும் மும்பையின் யாஷ் லோகண்ட்வாலாவும் அதில் இருந்தார்கள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் இதயத் துடிப்பு ஆபத்தான நிலைக்குப் போனபோது அந்தப் பழைய கருவி சரியாக வேலை செய்தது.

‘பழையது பாதுகாப்பா?’ என்ற கேள்விக்கு இன்னும் வலுவான பதில் 2020இல் வந்தது. மான்ட்ரியல் இதய நிறுவனத்தின் மருத்துவர்கள், மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளில் பழைய கருவி பொருத்தப்பட்ட 1,051 பேரையும், கனடாவில் புதுக் கருவி பொருத்தப்பட்ட 3,153 பேரையும் ஒப்பிட்டார்கள். 2 ஆண்டுகளுக்குள் தொற்று வந்தவர்கள் முதல் குழுவில் 2 சதவீதம், இரண்டாம் குழுவில் 1.2 சதவீதம். புள்ளியியல்படி இது பொருட்படுத்தும் அளவு வேறுபாடு இல்லை என்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ‘மை ஹார்ட் யுவர் ஹார்ட்’ திட்டம், கென்யா, நைஜீரியா உள்ளிட்ட 7 நாடுகளில் ஏறக்குறைய 300 நோயாளிகளைக் கொண்டு முறையான ஒப்பீட்டுச் சோதனையே நடத்தி, பழைய கருவி புதியதற்குக் குறைந்ததல்ல என்ற முடிவை 2024 நவம்பரில் அறிவித்தது. பேஸ்மேக்கர் கிடைக்காமல் உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பது இத்துறையினரின் மதிப்பீடு.

எதிர்வாதங்களில் உள்ள நியாயம்

இவ்வளவு இருந்தும் தயக்கம் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. தயாரிப்பு நிறுவனங்கள் பேஸ்மேக்கரை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் கருவி என்று முத்திரையிட்டு விற்கின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் தன் நாட்டுக்குள் மறுபயன்பாட்டை ஆட்சேபத்துக்குரிய நடைமுறை என்றே சொல்லிவருகிறது. அமெரிக்கருக்கு ஆகாதது இந்திய ஏழைக்கு மட்டும் ஆகுமா என்ற கேள்வி சுடத்தான் செய்கிறது. பணக்காரருக்குப் புதியது, ஏழைக்குப் பழையது என்று மருத்துவத்தில் இரண்டு பந்தி போடுவது நல்லதல்ல.

ஆனால், பந்தியில் இடமே கிடைக்காதவரிடம் போய் இந்த வாதத்தைச் சொல்ல முடியுமா? அவருக்கு எதிரே இருப்பவை பழைய கருவியும் புதிய கருவியும் அல்ல. பழைய கருவியும் மரணமும். அரசு எல்லோருக்கும் புதுக் கருவி தரும் நாள் வரட்டும். அன்று இதை நிறுத்திக்கொள்ளலாம். அதுவரை, நோயாளியிடம் உண்மையைச் சொல்லி, எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்கி, புது ஒயர்களோடு, பதிவேட்டில் எண் குறித்து, தேர்ந்த மருத்துவமனைகளில் மட்டும் செய்ய அனுமதிப்பதே அறம். திருட்டுத்தனமாகப் பழையதைப் புதியதென்று விற்கும் வாய்ப்பை அடைப்பதும் இந்தப் பதிவேடுதான்.

உலோக மறுசுழற்சிக்கு எதிரான வாதம் வேறு வகை. இறந்தவர் உடலிலிருந்து வந்த எதையும் விற்பது பாவம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையை யாரும் கேலி செய்ய வேண்டாம். அவர்களிடம் உலோகத்தைக் கொடுத்துவிட்டால் போயிற்று. ஆற்றில் கரைக்க அது கரையாது என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனின் படிவம் செய்வது இதைத்தான். கேட்பதால் யாருடைய நம்பிக்கையும் புண்படுவதில்லை. கேட்காமல் எடுப்பதால்தான் புண்படுகிறது.

நம் மயானங்களில்

தமிழ்நாட்டில் முழங்கால் மாற்று இப்போது வசதி படைத்தவர்களின் சிகிச்சை மட்டும் அல்ல. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே நடக்கிறது. 2017இல் மத்திய அரசு முழங்கால் உள்வைப்புகளுக்கு விலை உச்சவரம்பு வைத்தபின், நடுத்தரக் குடும்பங்களும் துணிந்து செய்துகொள்கின்றன. அன்று பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு வைத்த விலை 54,720 ரூபாய். சாலை விபத்துகளில் அடிபட்டு ‘பிளேட் வைத்தவர்’ இல்லாத தெருவே இல்லை. இன்று அறுபது வயதில் மூட்டு மாற்றிக்கொள்பவர்கள் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் நம் எரிவாயு தகன மேடைகளுக்கு வரப்போகிறார்கள். அந்த உலோகத்தின் அளவு கூடிக்கொண்டேதான் போகும்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு ஒரு தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில், உடலில் பொருத்தும் உலோகங்களுக்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவமனையில் அகற்றப்படும் உலோகம் நீல நிற அடையாளம் கொண்ட பெட்டிக்குப் போக வேண்டும். கிருமி நீக்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். ஆக, உயிரோடு இருப்பவரின் காலிலிருந்து பிளேட்டைக் கழற்றினால் அதற்கு நிறமும் விதியும் உண்டு. அதே பிளேட் அவர் இறந்து எரிந்தபின் சாம்பலில் கிடந்தால், அந்த விதி மருத்துவமனையின் வாசலோடு நின்றுவிடுகிறது. மயானத்துக்கு நீலப் பெட்டி இல்லை.

விதி இல்லாத இடத்தில் பழி யார் மேல் விழும்? மயானப் பணியாளர் மேல்தான். தலைமுறை தலைமுறையாகச் சாதி அவர்கள் தலையில் கட்டிய வேலை அது. சாம்பலில் கிடந்த துண்டை அவர் ஓரமாக ஒதுக்கி வைத்தால், ‘எங்கள் அப்பாவின் மூட்டைத் திருடிவிட்டான்’ என்று ஒருவர் கிளம்பலாம். காயலாங்கடையில் போட்டு டீச்செலவுக்கு வைத்துக்கொண்டால் நாளை வழக்கும் வரலாம். ஹாம்பர்க்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களும் பணியாளர்கள்தான். எழுதி வைத்த விதி குடும்பத்தைக் காப்பது போலவே அவரையும் காக்கும்.

பேஸ்மேக்கர் விஷயத்தில் அவருக்கு உயிர் ஆபத்தே இருக்கிறது. உடலை மேடையில் ஏற்றும் முன் நம் ஊர் மயானங்களில் வழக்கமாக ஒரு குரல் கேட்கும்: ‘நகை ஏதாச்சும் இருந்தா பாத்துக் கழட்டிக்குங்க.’ உறவினர்கள் மூக்குத்தியையும் மோதிரத்தையும் தேடிக் கழற்றுவார்கள். ‘நெஞ்சுல மெஷின் வெச்சிருக்கா?’ என்ற கேள்வியும் அதோடு சேர வேண்டும். ஆனால், அந்தக் கேள்வியை மயானத்தில் கேட்பது மிகத் தாமதம். எரிக்க வந்த உடலில் அங்கே யார் கத்தி வைப்பது? இறப்பை உறுதிசெய்யும் மருத்துவரே கேட்க வேண்டும். மருத்துவமனையிலேயே, அல்லது வீட்டில் இறந்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் உதவியோடு, எடுத்துவிட வேண்டும்.

தமிழ்ச் சமூகம் இதற்குத் தயாராக இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2008இல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளை ஒரு மருத்துவத் தம்பதி தானமாகக் கொடுத்தபோது மாநிலமே நெகிழ்ந்து பார்த்தது. அதே ஆண்டு அரசு தொடங்கிய உறுப்பு தானத் திட்டம் நாட்டுக்கே முன்மாதிரி ஆனது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். இதயத்தையும் கல்லீரலையும் கொடுக்கச் சம்மதித்த சமூகம், எரிந்தபின் மிஞ்சும் உலோகத்தைக் கொடுக்கத் தயங்காது. கேட்பதற்கு ஆளும், கொடுத்தது எங்கே போனது என்று சொல்ல ஒரு கணக்கும்தான் வேண்டும்.

செய்ய வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லாமல் அரசு நான்கு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, தகனத்துக்கு உள்ளாட்சி அமைப்புகள் வாங்கும் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும். உடலில் பேஸ்மேக்கர் போன்ற கருவி இருக்கிறதா? உலோகம் மிஞ்சினால் உங்களுக்கு வேண்டுமா, மறுசுழற்சிக்குத் தருகிறீர்களா? தமிழில், பெரிய எழுத்தில், யாரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி அது இருக்க வேண்டும். பதில் சொல்லவில்லை என்றால் உலோகம் குடும்பத்துக்கே உரியது.

இரண்டாவது, எரிவாயு, மின் தகன மேடை ஒவ்வொன்றிலும் பூட்டும் எண்ணும் கொண்ட ஒரு பெட்டி வைக்க வேண்டும். பணியாளருக்குக் கையுறையும் இடுக்கியும் பயிற்சியும் தர வேண்டும். பெட்டியை மாவட்ட அளவில் சேகரித்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு வெளிப்படையான ஏலத்தில் விற்க வேண்டும்.

மூன்றாவது, வரும் பணத்தைப் பொது நிதியில் கரைத்துவிடக் கூடாது. ஒரு பகுதி மயானப் பணியாளர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கும், மற்றது காப்பீட்டின் வரம்புக்கு வெளியே நிற்கும் ஏழை நோயாளிகளின் உள்வைப்புச் செலவுக்கும் போக வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, யாருக்குப் போனது என்று ஆண்டுதோறும் உள்ளாட்சியின் இணையதளத்திலும் மயானத்தின் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். தொகை சிறியதாகவே இருக்கட்டும். கணக்கு பெரிதாகத் தெரிய வேண்டும்.

நான்காவது, பேஸ்மேக்கர் மறுபயன்பாட்டைப் பற்றி மத்திய அரசு ஒரு தெளிவான முடிவை எடுக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ், எந்தச் சோதனைகளோடு, எந்த மருத்துவமனைகளில், எப்படிப்பட்ட சம்மதத்தோடு அனுமதிக்கலாம் என்று வல்லுநர் குழு வைத்துச் சொல்ல வேண்டும். ஆய்வு நம் மும்பையிலேயே நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இனியும் மௌனம் சாதிப்பது எச்சரிக்கை ஆகாது, அலட்சியம்தான் ஆகும்.

அரசு அசையும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் இருந்தால், மருத்துவமனை கொடுத்த அந்தக் கருவியின் அட்டையை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். அவர் காலமானால் மேடைக்குக் கொண்டுபோகும் முன் அதை எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு மாற்றியவர் என்றால், அஸ்தி வாங்கும்போது உலோகம் எங்கே என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாலு குடும்பம் கேட்கத் தொடங்கினால் மாநகராட்சி படிவத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.